பாட்டுக்குள்ளே ஓடிப்போன புருஷன் வீட்டிலிருந்து எழுதுவது

ஹிக்கரி ஃபோர்க், கெண்டக்கி
ஸ்ட்ராபெரித் திருவிழாவுக்கு மறுநாள்

மதிப்புக்குரிய மச்சான் ராய்ஸ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஒடெஸாவின் புருஷன் வெண்டெல் ஸ்டாம்பர் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், ஒடெஸா, நாய் பிஸ்கட் மூவரும் நலம். அவ்விடம் நாஷ்வில்லில் நீங்களும், உங்கள் பாட்டுப் பதிவு ஸ்டூடியோவும், அதன் வாசலில் நிற்கும் புதுக் காரும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். காருக்காக வேண்டியதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பிய பன்றித்தொடை ருசியாக இருந்தது, நன்றி. மரியாதைக்கு எழுத வேண்டியது இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் என் பெண்டாட்டியை விட்டு ஓடிப்போகவில்லை. இதை ஒருநாள் எழுத்தில் கொடுக்க வேண்டி வரும் என்று என் கல்யாணத்தன்று எவனாவது சொல்லியிருந்தால் அவனுக்கு இன்னொரு துண்டு கேக் கொடுத்து உட்கார வைத்திருப்பேன். இருபத்தாறு வருஷமாக இதே வீட்டில், இதே சமையலறை மேஜையில், ஒரு கால் ஆடுகிற இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஓர் எட்டு தள்ளி ஒடெஸா நின்று, எனக்காகத் தக்காளி நறுக்கிக்கொண்டே, நான் அவளை விட்டு ஓடிப்போன பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் நீங்கள். நீங்கள் மட்டும்தான்.

முதலில் அவள் உங்களிடம் கொண்டுவந்த பாட்டுகள் எப்படிப்பட்டவை என்பதை நினைத்துப் பாருங்கள். தோட்டத்துத் தக்காளியைப் பற்றி ஒன்று. என் குறட்டையைப் பற்றி ஒன்று. கேலிதான், ஆனால் பிரியமான கேலி. புயலடித்த அன்று கூரை ஒழுகி, வீட்டிலிருந்த பாத்திரம் எல்லாவற்றையும் நாங்கள் இரண்டு பேரும் தரையில் பரப்பி வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்து சிரித்ததைப் பற்றி ஒன்று. அதைக் கேட்டுவிட்டு நான் லாரிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இந்தப் பாட்டுகளையெல்லாம் கேட்டு முடித்து நீங்கள் என்ன சொன்னீர்கள்? நான் அங்கேயேதான், உங்கள் தோல் சோபாவில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"குரல் தங்கம்மா உனக்கு. ஆனா சந்தோஷமா இருக்கிற பொம்பளை பாட்டை எவ கேப்பா? கன்ட்ரிப் பாட்டுன்னா நெஞ்சு வெடிக்கணும். புருஷன் விட்டுட்டுப் போகணும்."

"அவர் போகமாட்டேங்கிறாரே அண்ணா" என்றாள் என் ஒடெஸா, ஏதோ என்மேல் குறை சொல்கிற மாதிரி.

"பாட்டுலயாவது அனுப்பி வை." பிறகு என் பக்கம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்க மாப்ளே" என்றீர்கள். நான் மடையன், தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் காப்பியைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

போன இலையுதிர் காலம் முழுவதும் உங்கள் தங்கை என்னை எப்படியெல்லாம் அனுப்பலாம் என்று யோசித்தாள். நான் காலையில் முட்டை பொரித்துக்கொண்டிருப்பேன், பின்னாலிருந்து குரல் வரும். "வெண்டெல், நீ என்னை விட்டுட்டுப் போறதா இருந்தா எந்த வழியாப் போவே?" நான் கேஸ் லாரி ஓட்டுகிறவன். என்னிடம் யாராவது வழி கேட்டால் சரியான வழியைத்தான் சொல்ல வரும். "பெரிய ரோட்டுல வேலை நடக்குது, அதனால பழைய பாலத்து வழியாத்தான் போவேன்" என்றேன். எழுதிக்கொண்டாள். "என்னென்ன எடுத்துட்டுப் போவே?" "பிஸ்கட்டு. அப்புறம் ரேடியோ. அந்தக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை." அதையும் எழுதிக்கொண்டாள். "என்னைத் திரும்பிப் பார்ப்பியா?" "பாலத்துல வண்டி ஓட்டுறப்ப எவனாவது திரும்பிப் பார்ப்பானா? ஆத்துக்குள்ள போகணும்" என்றேன். மச்சான், ஊரே இன்று கண்ணீர் விடுகிற 'அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை' என்ற நாலாவது பாட்டு, சாலைப் பாதுகாப்பைப் பற்றி நான் சொன்ன ஒரு நல்ல வார்த்தை. என் கழுத்துக்கான கயிற்றை நானே பொரித்த முட்டையோடு சேர்த்துப் பரிமாறியிருக்கிறேன்.

ஆல்பத்துக்கு 'ஆறிப்போன அடுப்பு' என்று நீங்களே பேர் வைத்தீர்கள். பத்துப் பாட்டு. மூன்றாவதில் நான் நாயைத் தூக்கிக்கொண்டு போகிறேன். ஆறாவதில், சாலையோரக் கடையில் காப்பி ஊற்றுகிற, காதில் வளையம் போட்ட ஒரு பெண்ணோடு சிரித்துப் பேசுகிறேன். ஒன்பதாவதில் ஆற்றில் விழுந்து செத்துப்போகிறேன். பத்தாவதில் எப்படியோ திரும்பி வந்து, கதவைத் தட்டி, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் விட்டுவிட்டுப் போகிறேன். செத்தவனுக்குக்கூட ஓய்வு கொடுக்காத ஆல்பத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன். பேர் சொல்லாவிட்டால் என்ன? செந்தாடி, கேஸ் லாரி என்று சொன்ன பிறகு, இந்தக் கவுண்டி ஊர்கள் அத்தனையிலும் அது வேறு எவன்? எல்லாவற்றுக்கும் மேல் அந்த முதல் பாட்டு:

ஊர்வீடு எல்லாம் சூடாக்கப் போனான்
என்வீட்டு அடுப்பு ஆறிப்போச்சு
செந்தாடி அசைய சிரிச்சுட்டுப் போனான்
செத்தும் சாகாத உசுராச்சு

நல்ல வரிகள்தான், இல்லையென்று சொல்லவில்லை. உங்கள் தங்கை கெட்டிக்காரி என்பது எனக்கு உங்களுக்கு முன்னாலேயே தெரியும். ஆனால் நான் ஊர்வீடு எல்லாம் போவது அந்த வீடுகளின் பின்னால் இருக்கிற டாங்கியில் வீட்டைச் சூடாக்குகிற கேஸை நிரப்ப. பிப்ரவரி மாதம் ரேடியோவில் இந்தப் பாட்டு வந்த மறுநாள் நான் மலைமேல் இருக்கும் மிஸ் ப்யூலா வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பாடம் சொன்னவர். அங்கியைப் போர்த்திக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு வெளியே வந்தார்.

"டாங்கியை நிரப்பு. வாசப்படி ஏறாதே."

"ரசீது குடுக்கணுமே மிஸ் ப்யூலா."

"வேலியில சொருகிட்டுப் போ. ஊருக்கெல்லாம் சூடு கொண்டுபோறியே, உன் வீட்டு அடுப்பு எரியுதா இல்லையான்னு பார்த்தியாடா?"

"எங்க வீட்டுல கரண்ட் அடுப்பு, மிஸ் ப்யூலா."

"பேச்சைப் பாரு! இதுக்குத்தான் அந்தப் பொண்ணு அப்படி உருகிப் பாடுறா."

அங்கிருந்து பசியோடு டார்லாவின் கடைக்குப் போனேன். எங்கள் கவுண்டியில் காப்பி ஊற்றுகிற, காதில் வளையம் போட்ட பெண் டார்லா ஒருத்திதான். அவள் புருஷன் லூத்தர், பள்ளிக்கூட நாளிலிருந்து என்னோடு மீன் பிடிக்க வருகிறவன், என் எதிரே வந்து உட்கார்ந்தான். என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"என் பொண்டாட்டியைப் பத்தி ரேடியோவுல பாட்டு ஓடுது. நீ இங்க உக்காந்து பன்றிக்கறி திங்கிறே."

"லூத்தர், அது சும்மா எழுதினதுடா."

"சும்மா எழுதினதுல எப்படிடா வளையம் வந்துச்சு?"

டார்லா பின்னாலிருந்து, "விடுங்களேன், பாட்டுதானே" என்றாள். அன்று அவள் காதில் இருந்தது பழைய வளையம் இல்லை, என் லாரி ஸ்டியரிங் அளவுக்குப் பெரிய புது வளையம். அவளுக்கு இதில் கோபமே இல்லை என்பதுதான் லூத்தருக்கு ஆத்திரம். அன்றிலிருந்து எனக்கு அந்தக் கடையில் வருவது நேற்றைய காப்பி, அதுவும் ஆறிப்போனது. மீன்பிடிக்க நான் தனியாகத்தான் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் எல்டன், "வழி தவறிய ஒரு சகோதரனுக்காக ஜெபிப்போம். பேர் வேண்டாம். கேஸ் லாரி ஓட்டுபவர்" என்றார். நான் ஒடெஸாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்! அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், சிரிப்பை அடக்கத்தான். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்து, "பாரேன், அவனைப் போய் மன்னிச்சிட்டா. என்ன மனசு!" என்று கைக்குட்டையை எடுத்தார்கள். பிஸ்கட் எங்கள் வாசலில் ஊரே பார்க்கப் படுத்துக் கிடக்கிறது. அதைப் பார்த்தும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, "நாயைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டான் போல. அதுக்குக்கூட அவன்கூட இருக்கப் பிடிக்கலை" என்கிறார்கள்.

இதற்குமேல் ஒருவன் என்ன படுவான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் போன் செய்தீர்கள். "மாப்ளே, சர்ச்சுல கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தீங்களாமே? என்ன வேலை பண்றீங்க? ஆல்பம் இப்பத்தான் தூக்குது. கோடை முடியிற வரைக்கும் நீங்க அவ பக்கத்துல நிக்கிறதை யாரும் பார்க்கக்கூடாது." ஒடெஸாவின் முகத்தைப் பார்த்தேன். சரி என்று ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து லாரியைப் பழைய புகையிலைக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, அடுத்தவன் மேய்ச்சல் நிலத்தைக் குறுக்கே தாண்டி, என் வீட்டு வேலியை நானே ஏறிக் குதித்து, பின்கதவு வழியாகச் சாப்பாட்டுக்குப் போகிறேன். அந்த மேய்ச்சலில் ஒரு காளை நிற்கிறது. இந்தக் கவுண்டியில் உங்கள் ஆல்பத்தைக் கேட்காத ஒரே ஜீவன் அதுதான். ஆனாலும் அது என்னைத்தான் துரத்துகிறது. என் நல்ல கால்சட்டை இரண்டு போயிற்று.

அடுத்தது பாத்திரங்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை, நாஷ்வில் தண்ணீரில் மறந்திருந்தால்தான் உண்டு. ஒரு வீட்டில் சாவோ, வேறு கஷ்டமோ என்றால், ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஓவனில் எதையாவது வேகவைத்துக் கண்ணாடிப் பாத்திரத்தோடு கொண்டுவந்து கொடுப்பார்கள். பாத்திரத்தின் அடியில் காகித நாடா ஒட்டி யாருடையது என்று பேர் எழுதியிருக்கும். துக்கம் ஆறினதும் பாத்திரத்தைக் கழுவி அந்தந்த வீட்டில் சேர்க்க வேண்டும். ஒடெஸாவுக்கு வந்தது கொஞ்சநஞ்சமா? சீஸ் போட்ட உருளைக்கிழங்கு, கோழியும் சோறும், வாழைப்பழப் புட்டிங், பீன்ஸ். என் அப்பா செத்தபோதுகூட இவ்வளவு வரவில்லை. அவள் வாசலில் நின்று, "நான் நல்லாத்தாங்க இருக்கேன்" என்று உண்மையைத்தான் சொல்வாள். அதைக் கேட்டு அவர்கள் இன்னும் ஒரு மூச்சு அழுதுவிட்டுப் போவார்கள். அவள் கொஞ்சமாகச் சாப்பிடுகிறவள். அவ்வளவையும் தின்று தீர்த்தது யார்? அவளை விட்டு ஓடிப்போன அடியேன்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். பாத்திரங்கள் மேஜை, பீரோ, குளியலறைத் தொட்டி வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. நான் எப்படியும் எல்லா வீட்டுக்கும் கேஸ் கொண்டுபோகிறவன். ஒரு நாள் எல்லாவற்றையும் பளபளவென்று கழுவி, போர்வை சுற்றி, லாரியில் ஏற்றிக்கொண்டு, கேஸோடு கேஸாக வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா? ஒரு வீட்டில் பொருள் வாங்கிச் சாப்பிட்டால் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வது மரியாதை என்று எங்கள் அம்மா வளர்த்தார். "புட்டிங் பிரமாதம்" என்றேன். "கோழி நல்லா வெந்திருந்துச்சு" என்றேன். மிஸ் ப்யூலா கேட்டதால் மட்டும், "உருளைக்கிழங்குல உப்பு ஒரு கை தூக்கல்" என்றேன்.

மச்சான், அன்று சாயங்காலம் ஊரில் எழுந்த கூச்சல் உங்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். 'விட்டுட்டுப் போனவன், அவளுக்கு வந்த ஆறுதல் சாப்பாட்டைத் தின்னுறதுக்கு மட்டும் வந்துட்டுப் போறான். அதுலயும் உப்பு சரியில்லையாம்!' கேஸ் கம்பெனிக்குப் பன்னிரண்டு போன் வந்தது. மிஸ் ப்யூலா இந்தக் கோடைக்கு விறகு அடுப்புக்கு மாறிவிட்டார். எழுபத்தெட்டு வயதில், என்மேல் உள்ள வீம்பில், கோடாரி வாங்கியிருக்கிறார். அவர் ஒவ்வொரு கட்டையாகப் பிளக்கும்போது யாரை நினைத்துப் பிளக்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

இதைப் பார்த்துத்தான் ஒடெஸாவுக்குப் பொறுக்கவில்லை. நேற்று ஸ்ட்ராபெரித் திருவிழாவில் அவள் பாட வேண்டியிருந்தது. நான் டிராக்டர்களுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றேன். இரண்டு பாட்டு பாடினாள். நம் கவுண்டி முழுக்க அங்கே இருந்தது. மூன்றாவது பாட்டுக்குக் கிடாரில் கையை வைத்தவள், எடுத்துவிட்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "இது எல்லாம் நான் கட்டின பாட்டு. என் புருஷன் என்னை விட்டு எங்கயும் போகலை. அதோ, அந்தப் பச்சை டிராக்டருக்குப் பின்னாடி நிக்கிறார் பாருங்க. வெண்டெல், வெளிய வா. இருபத்தாறு வருஷமா ஒரு நாள் விடாம எனக்கு முட்டை பொரிச்சுப் போடுற மனுஷன் அவர். அவரை விட நல்லவரை எனக்குத் தெரியாது."

நான் வெளியே வந்தேன். தொப்பியைக் கழற்றினேன். மாசக்கணக்காகத் தூக்கிய சுமை இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் மிஸ் ப்யூலாவின் குரல் கேட்டது.

"ஐயோ, பாவிப் பொண்ணே! இன்னமும் அவனுக்கு வக்காலத்து வாங்குறியேடி!"

அவ்வளவுதான். ஒட்டுமொத்தக் கூட்டமும் எழுந்து நின்று அழுதது. லூத்தர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இப்படிப்பட்ட பொம்பளையை விட்டுட்டுப் போக உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?"

"நான் போகலைடா! இங்கதான்டா நிக்கிறேன்! உன் கண்ணு முன்னாடி நிக்கிறேன்!"

"திரும்பி வந்து நிக்க வெக்கமா இல்லையாடா உனக்கு? பத்தாவது பாட்டுல வர்ற மாதிரியே வந்து நிக்கிறியே!"

நானே மேடையேறிச் சத்தியம் செய்திருந்தால், போதகர் எல்டன் என்னை ஆற்றுக்குக் கூட்டிப்போய் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்திருப்பார். இன்று காலை வாசலில் புதிதாக ஏழு பாத்திரங்கள். நீங்களோ போனில் சந்தோஷம் தாங்காமல் கத்துகிறீர்கள், அவள் பேசியதையும் கூட்டம் அழுததையும் பதிவு செய்துவிட்டார்களாம், அதையும் அடுத்த ஆல்பத்தில் சேர்க்கப் போகிறீர்களாம். என் ஒடெஸா என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தையையும் சோகப்பாட்டாக்கி விற்கிற கெட்டிக்காரத்தனம் உங்களைத் தவிர யாருக்கு வரும்?

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். நேற்றைய காப்பியைக் குடிப்பேன், காளைக்குப் பயந்து ஓடுவேன். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் பஸ் வருகிறது. ஒடெஸாவை ஏற்றிக்கொண்டு ஜார்ஜியா, டெக்சஸ், அது இது என்று கோடை முழுக்க ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகப்போகிறது. கோடையில் கேஸ் வேலை மந்தம், பஸ்ஸை நான் ஓட்டுகிறேன் என்று உங்களிடம் கேட்டேன். வெடிக்கிற சரக்கு ஏற்றிய லாரியை ஐஸ் படிந்த மலைப்பாதையில் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டுகிறவன் நான். "புருஷன் போன துக்கத்துல பாடுறவளுக்குப் புருஷனே பஸ் ஓட்டினா நல்லாவா இருக்கும்?" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒடெஸாவிடம் போகாதே என்று சொல்லலாமென்று இன்று காலை வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே சொன்னாள்.

"சர்ச்சுல இத்தனை வருஷம் பாடினேன் வெண்டெல். கேட்டவங்க பாதிப் பேர் தூங்கினாங்க. இப்ப நான் பாடினா முன்ன பின்ன தெரியாதவங்க எழுந்து நிக்கிறாங்க. எனக்கு இது வேணும்." முட்டைத் தட்டை ஒதுக்கி வைத்தாள். "நீ இல்லாமப் போகவும் பிடிக்கலை. அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

அப்புறம் நான் எங்கே வாயைத் திறப்பது? அவள்மேல் எனக்குக் கோபப்படத் தெரியாது, அதனால் அவ்வளவையும் சேர்த்து உங்கள்மேல் படுகிறேன். மச்சான், பாட்டுக்குள்ளே நான் அவளை விட்டுப் போனேன். நிஜத்தில் அவள்தான் என்னை விட்டுப் போகிறாள். அந்த வெள்ளிக்கிழமை பஸ் பழைய பாலத்து வழியாகத்தான் போகும், பெரிய ரோட்டு வேலை இன்னும் முடியவில்லை. நான் வாசலில் நாயோடு நிற்பேன். ஆளுக்கு ஆள் எனக்குத்தான் பாத்திரம் கொண்டுவர வேண்டும், ஆனால் ஒரு ஈ காக்கைகூட வராது. இந்த வீட்டில் அவள் இல்லாமல் நான் ஒருவனுக்கு முட்டை பொரிப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இனி அதைக் கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

ஆகையால் உங்களுக்கு இதன்மூலம் தெரிவிப்பது என்னவென்றால், பயணத்தை உடனே நிறுத்த வேண்டும். இரண்டாவது ஆல்பம் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. எடுத்தால் அதில் கூரை ஒழுகின பாட்டு இருக்க வேண்டும். நான் ஓடிப்போகவில்லை என்று உங்கள் கையெழுத்துப் போட்டு எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும். செய்யாவிட்டால் மச்சான் என்ற உறவை இத்துடன் மறந்துவிடுங்கள். இனி கிறிஸ்துமஸுக்குப் பன்றித்தொடை அனுப்பினால், அதை நாய்க்குப் போடுவேன். போட்டுவிட்டு உங்களுக்கு நன்றிக் கடிதமும் எழுத மாட்டேன்.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. உங்கள் அம்மாவின் மூட்டுவலி தணிய என் பிரார்த்தனை. கர்த்தர் உங்களை ஆசீர்வதிக்கட்டும். நிதானமாக, யோசித்து, தேவையான அளவுக்கு மட்டும் ஆசீர்வதிக்கட்டும்.

இப்படிக்கு,
எங்கேயும் போகாத,
வெண்டெல் ஸ்டாம்பர்

பின்குறிப்பு: மேலே எழுதிய அவ்வளவையும் அடித்துவிடுங்கள். பயணத்தை நிறுத்த வேண்டாம். விளம்பரம் கிளம்பரம் ஒன்றும் வேண்டாம், யாரும் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட வேண்டாம்.

நடந்தது இதுதான். கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத் தபாலில் சேர்க்க மறந்துவிட்டேன். ஒடெஸா துணி துவைக்க எடுத்தபோது பார்த்துவிட்டாள். நின்றபடியே படித்தாள். பாத்திரக் கதை வரைக்கும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குக் கீழே படிக்கும்போது சிரிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்க் கத்தரிக்கோலும் சவரக்கத்தியும் கொண்டுவந்து, "அந்த ஆடுற நாற்காலியில உக்காரு" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் வளர்த்த தாடி, மச்சான், போயே போயிற்று. எனக்கு முகவாயில் ஒரு குழி இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பிஸ்கட் என்னைப் பார்த்துக் குரைத்தது. வெள்ளிக்கிழமை நீங்கள் அனுப்பிய டிரைவரிடம், "உனக்கு வேலை இல்லைப்பா" என்று சொல்லி, வழியில் சாப்பிட இரண்டு பாத்திரம் கோழியும் சோறும் கொடுத்து ஒடெஸாவே திருப்பி அனுப்பிவிட்டாள். உங்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாததால் சொல்லாமலே செய்துவிட்டாள். இதை நான் டெக்சஸ் போகிற வழியில், வண்டியை ஓரமாக நிறுத்தி, பஸ் ஸ்டியரிங்கின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். அவள் பின்னால் படுத்துத் தூங்குகிறாள். நாயும் கூட வந்திருக்கிறது.

ஊர் வழியனுப்ப வந்திருந்தது. நான் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஸ்டியரிங் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். லூத்தர் வந்து என் கையைக் குலுக்கி, "அந்தப் பொண்ணைப் பத்திரமாப் பார்த்துக்கப்பா, ரொம்ப அடிபட்டவ" என்றான். மிஸ் ப்யூலா ஜன்னல் வழியாக ஒரு பாத்திரத்தை நீட்டினார். அடியில் நாடாவில் தன் பேரை எழுதி, அதற்குக் கீழே 'புது டிரைவருக்கு' என்று எழுதியிருந்தார்.

"முகத்தைப் பார்த்தாலே நல்ல பிள்ளைன்னு தெரியுது" என்றார். "அந்தச் செந்தாடிப் பய மாதிரி இல்லை."

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த வெண்டெல் அவ்வளவு மோசமில்லைன்னு கேள்விப்பட்டேனே அம்மா" என்றேன்.

"நீ வெளியூர், உனக்கு என்ன தெரியும்? வாயை மூடிட்டு வண்டியை ஓட்டு. பாலத்துல நிதானமாப் போ."

அதே உருளைக்கிழங்குதான். உப்பு சரியாக இருந்தது.

கடைசியாக ஒன்று. நேற்றிலிருந்து ஒடெஸா ஒரு புதுப் பாட்டு கட்டிக்கொண்டிருக்கிறாள், இரண்டாவது ஆல்பத்துக்கு. முழுக்க முழுக்க இந்த டிரைவரைப் பற்றித்தான். ரொம்ப நல்லவனாம். பேசவே மாட்டானாம். முகவாயில் ஒரு குழியாம். அந்தப் பாட்டைப் பாடும்போது அவள் குரல் ஒரு மாதிரி குழைகிறது, என்னைப் பற்றிய பத்துப் பாட்டில் ஒன்றில்கூட அப்படிக் குழையவில்லை. மச்சான், எனக்கு அந்தப் பயலைக் கண்டாலே பிடிக்கவில்லை. அவன்மேல் ஒரு கண் வையுங்கள்.